மெட்ராஸ் என்று நான் எழுதிவைத்தவை

நான் பயந்தால் பட்டியல் போடுவேன். பதினான்கு நாள் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது விமானத்தில் உட்கார்ந்து கைபேசியில் ஒன்று போட்டேன்: குளிர், ரயில் மாறுவது, தனியாகச் சாப்பிடுவது, குளியலறையில் வாளியும் குவளையும் இல்லாதது. இவற்றில் எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பட்டியலில் இல்லாதது ஊரில் நடந்துகொண்டிருந்தது. செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் சித்தியின் வலது கண் கெட்டுக்கொண்டிருந்தது. அது கெடுவதற்கு நானும் ஒரு வார்த்தை சொல்லி உதவினேன்.

கண் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. நோயாளி தாடையை ஒரு பட்டையில் வைத்துக்கொள்ள, மருத்துவர் எதிரில் இருந்து மெல்லிய வெளிச்சக் கோட்டை அடித்து, கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பாரே, அந்த ஸ்லிட் லேம்ப்தான் முக்கியமாக. கருவியை எனக்குத் தெரியும், கண்ணைத் தெரியாது. இந்த வேறுபாட்டை எங்கள் வீட்டில் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்குக் கண் உறுத்தினாலும் என் அம்மா, "எம் மக வரட்டும், பாத்துச் சொல்லுவா" என்று சொல்லிவைப்பாள்.

பயிற்சி நடந்த ஊர் சின்னது. இரண்டாம் நாள் மாலை, ரொட்டிக்குள் எதையாவது வைத்துத் தின்று சலித்துப்போய், ஓர் இந்திய உணவகத்துக்குப் போனேன். நடத்துபவர் வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்தவர். "காரம் எந்த அளவு? கோர்மாவா, மெட்ராஸா, விண்டாலுவா?" என்று கேட்டார்.

"மெட்ராஸ் எங்கள் மாநிலத்துத் தலைநகரம்" என்றேன்.

"இங்கே அது நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல்" என்றார். "உங்களுக்கு மெட்ராஸா?"

"இல்லை, மதுரை."

அவர் கையிலிருந்த குறிப்பேட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அது எவ்வளவு காரம்?" என்றார்.

வந்தது தக்காளி நிறத்தில் ஒரு குழம்பு. கறிவேப்பிலை இல்லை, மிளகு இல்லை, சென்னையில் எந்தத் தெருவிலும் அதை நான் கண்டதில்லை. ஆனாலும் சூடாக இருந்தது. அறைக்கு வந்து, புதிதாக ஒரு பட்டியல் தொடங்கி "மெட்ராஸ்" என்று தலைப்பிட்டேன். ஒன்று: காரத்தின் அளவு.

இரண்டாவது, எங்கள் பயிற்சியாளர் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையிலிருந்து கிடைத்தது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு காலரைப் பிடித்துக் காட்டி, "இது மெட்ராஸ். அசல் என்றால் ஒவ்வொரு சலவைக்கும் சாயம் போகவேண்டும். என் அப்பா அதற்காகத்தான் வாங்குவார்" என்றார். எங்கள் ஊரில் விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சேலை முதல் சலவையில் சாயம் விட்டால், என் அம்மா அந்த ஈரச் சேலையோடு கடை வாசலில் போய் நிற்பாள் என்றேன். மனிதர் வெகுநேரம் சிரித்தார். மூன்றாவதை, லக்னோவிலிருந்து என்னைப் போலப் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் தந்தார். அவருக்கு நான், கொச்சிக்காரர், ஹைதராபாத்காரர் மூவரும் "மதராஸி". திருத்திப் பார்த்தேன். "அட, எல்லாம் ஒன்றுதானே" என்றார். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறியதற்கெல்லாம் மூட்டையின் மேல் இருந்த பெயரே ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நானே ஓர் ஊகத்தை எழுதிவைத்தேன். சென்னை என்று ஊர் பெயர் மாறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கப்பலேறிப் போனவை எதுவும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் மதிய இடைவேளையில் அம்மாவின் அழைப்பு வந்தது. அம்மா சித்தி வீட்டில் இருந்தாள்.

"உங்க சித்திக்கு மெட்ராஸ் ஐ. இங்க தெருவே கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரியுது. சாணி அள்றவள்லாம் சினிமாக்காரி மாதிரி இருக்கா."

பின்னால் சித்தியின் சிரிப்பு கேட்டது. சித்தி என் அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். வயலும் மாடும் அவள் பொறுப்பு. எந்தக் கஷ்டத்தையும் கேலி பண்ணித்தான் சொல்லுவாள். கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏண்டி லண்டன்காரி, கண்ணு மெசினையெல்லாம் கழட்டி மாட்டுறவ, இது எப்பப் போகும்னு சொல்லு. எனக்கு நடவு வேலை கெடக்கு."

"ஒரு வாரம் சித்தி. அதுவாப் போயிரும். கையை மட்டும் கழுவிக்கிட்டே இரு."

"அம்புட்டுத்தானா? இதுக்கா நீ லண்டன் போன?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். பட்டியலில் நான்கு: கண் நோய். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டேன். அந்த முகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

அன்று நான் கேட்காதவை: ஒரு கண்ணா, இரண்டு கண்ணா. உறுத்தலா, வலியா. பார்வை மங்கலா. கண்ணில் ஏதாவது பட்டதா. நான்கு கேள்விகள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதுரையில் வந்திறங்கியது புதன்கிழமை. வியாழன் முழுக்கத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை காலை, வாங்கிவந்த சாக்லேட்டுகளை எடுத்துக்கொண்டு சித்தி ஊருக்குப் பேருந்து ஏறினேன். பேருந்தில் பாதிப் பேர் கருப்புக் கண்ணாடி. கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் எல்லாரும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடத்துநருக்கும் வந்திருந்தது. "என்னைய யாரும் பாக்காதீக, டிக்கெட்ட மட்டும் பாருங்க" என்று அவர் கூவிக்கொண்டே வந்ததில் பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்கும் சந்தோஷம்.

சித்தி வாசலுக்கு வரவில்லை. உள்ளறையில், சன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "வாடி" என்றாள். அவ்வளவுதான். கேலி இல்லை. 

சித்தப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "நாலு நாளாக் கூப்புடுறேன் ஆஸ்பத்திரிக்கு. நீ ஒரு வாரம்னு சொன்னியாம்ல. அக்கா மக படிச்சவ, ஒரு வாரம் ஆகட்டும்னு அசையமாட்டேங்கிறா."

"ஒரு வாரம் இன்னைக்கு முடியுது" என்றாள் சித்தி, சுவரைப் பார்த்தபடியே.

என் பக்கம் திரும்பச் சொன்னேன். இடது கண் சுத்தமாக இருந்தது. வலது கண்ணின் இமை வீங்கி மூடியிருந்தது. மெதுவாகத் திறந்து கைபேசி வெளிச்சத்தை அருகில் கொண்டுபோனதும் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு அலறினாள். அந்த ஒரு நொடியில் பார்த்துவிட்டேன். கருவிழியின் மேல், நடுவைத் தொட்டுக்கொண்டு, அரைத்த உளுந்து தெறித்தது போல ஒரு வெள்ளை.

"சித்தி, கண்ணுல என்ன பட்டுச்சு?"

"என்ன பட்டுச்சு? ஒண்ணும் படல."

"யோசிச்சுச் சொல்லு."

"வெதநெல்லுக்கு ஃபேன் போட்டுத் தூத்துனோம். உமி ஒண்ணு அடிச்சுச்சு. அத அப்பவே தாயம்மா எடுத்துட்டா."

தாயம்மா பக்கத்து வீட்டு அக்கா. கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் ஒற்றி எடுப்பதில் அந்தத் தெருவுக்கே அவள்தான் கை ராசிக்காரி; நாக்கு ராசி என்று சொல்லவேண்டுமோ என்னவோ. உமி வந்துவிட்டது. மூன்றாம் நாள் கண் சிவந்தது. அதற்குள் தெருவில் எல்லாருக்கும் கண் சிவந்துவிட்டதால், இதுவும் அதுதான் என்று முடிவாகிவிட்டது. பிறகு பாண்டியண்ணன் வீட்டிலிருந்து மருந்து வந்தது. அந்த வரிசையில் ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடு அது. அவருடைய அப்பாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் ஒரு புட்டி மிச்சமிருந்தது. அது எட்டு வீட்டுக்கும் சுற்றி, சாயங்காலமானால் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிவிடும்.

"விட்டதும் ரெண்டு நாள் குளுகுளுன்னு இருந்துச்சு. செவப்புகூட வத்திருச்சு" என்றாள் சித்தி. "அப்பறந்தான் குத்த ஆரம்பிச்சுச்சு."

பணி நிமித்தம் பழக்கமான ஒரு கண் ஆஸ்பத்திரிச் செவிலியை அழைத்தேன். தெருவில் சுற்றிய புட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, நெல் உமி என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "வேற எதுவும் பேச வேணாம், உடனே கூட்டிட்டு வாங்க. அந்தப் புட்டியையும் கொண்டாங்க. இனி ஒரு சொட்டுக்கூட விடாதீங்க" என்றாள். அவள் குரலின் வேகம்தான் எனக்கு மிச்ச விவரத்தைச் சொன்னது.

புட்டியை வாங்கப் போனால் பாண்டியண்ணன் மனைவி தர யோசித்தாள். "தெருவுக்கே இது ஒண்ணுதான இருக்கு. நீ கொண்டுபோயிட்டா எங்க மாமியாளுக்கு மத்தியானத்துக்கு என்னத்த விட?"

"அவங்களுக்கும் விடாதீங்க அக்கா."

"நல்லா இருக்குடி நாயம். லண்டன் போயிட்டு வந்து மருந்தப் புடுங்குறா."

புடுங்கிக்கொண்டுதான் வந்தேன். எழுத்தெல்லாம் ஈரத்தில் அழிந்திருந்தது.

பேருந்தில் சித்திக்கு மூன்று பேர் உட்காரும் இருக்கை முழுதாகக் கிடைத்தது. அவள் போட்டிருந்த கருப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே மற்ற இருவர் எழுந்து நெரிசலுக்குள் போய்விட்டார்கள். வேறு நாளாக இருந்தால் சித்தி இதை வைத்தே ஒரு வாரம் பேசியிருப்பாள். அன்று சேலைத் தலைப்பைக் கண்ணில் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். நாகமலை புதுக்கோட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து ஒரு உறுமலோடு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் எறங்குங்கப்பா, பின்னாடி வண்டி வருது" என்றார். பின்னாடி எதுவும் வரவில்லை. பதினைந்து நிமிடம் ஆனது. வெயிலில் சித்தியால் இமையைத் திறக்கவே முடியவில்லை. நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கிலாந்தில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானதற்கு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். அப்போது சிரிப்பு வந்தது. இப்போது அந்த மூன்று நிமிடத்தின் மதிப்பு என்னவென்று தெரிந்தது.

வந்த ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் சித்தியைப் பார்த்ததும் கியரை மாற்றினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு நாளைக்கும் வண்டி ஓட்டணும். ஒட்டிக்கிரும்."

"அண்ணே, இது ஒட்டுற நோய் இல்ல. நெல்லு குத்துனது. தாமதிச்சா கண்ணு போயிரும்."

நான்தான் இதைச் சொன்னேன். கண் போய்விடும் என்று சித்தி காதுபடச் சொல்லிவிட்டதை, சொன்ன பிறகே உணர்ந்தேன்.   ஓட்டுநர் உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பிடித்துக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். "ஏறுங்க" என்றார். நம்பினாரா இல்லையா என்பது வேறு. கண்ணாடி வழியாகக்கூட அவர் சித்தியைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் ஓட்டிய வேகம் நான் சொன்ன வார்த்தைக்காகத்தான்.

காளவாசலில் எல்லாமே நின்றிருந்தது. நான்கு பக்கமும் ஹாரன். அப்போதுதான் சித்தி பேசினாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நல்ல கண்ண மூடிப் பாத்தேன்டி. இருட்டா இல்ல. பால ஊத்துன மாதிரி இருக்கு. ஒன் மூஞ்சி தெரியல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குள் பட்டியல் போட முயன்றேன். வரவில்லை. ஒன்று என்று எண்ணி, அங்கேயே நின்றது.

ஆஸ்பத்திரியில் வரிசையைத் தாண்டி உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவ்வளவு கூட்டத்தில் முன்னால் அழைத்ததே என்னைப் பயமுறுத்தியது. கண்ணை மரத்துப்போகவைத்து, அந்த வெள்ளையிலிருந்து துளி சுரண்டி எடுத்தார்கள். அரை மணியில் மருத்துவர் அம்மாள் எங்களை அழைத்தார். பூஞ்சை. உமியோடு போய் உட்கார்ந்து, கருவிழிக்குள் வேர்விட்டிருக்கிறது. புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எழுத்து இல்லாவிட்டாலும் மூடி நிறமும் நாங்கள் சொன்ன விவரமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. அறுவைக்குப் பிறகு வீக்கம் தணிக்கிற வகை.

"இது சிவப்பை அடக்கும். அடங்குதேன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. உள்ள அது நல்லா வளரும். மெட்ராஸ் ஐன்னு யார் சொன்னது?"

"நான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, நான் யார், என்ன வேலை என்று கேட்டவர், "அப்ப வந்து பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஸ்லிட் லேம்பில் நான் ஆயிரம் முறை கண்ணை வைத்திருப்பேன். பார்த்ததெல்லாம் சோதனைக் கம்பியும், உடன் வேலை செய்பவர்களின் நல்ல கண்களும். அன்று வெளிச்சக் கோடு சித்தியின் கருவிழிமேல் விழுந்ததும், அந்த வெள்ளையின் ஓரம் பிய்த்த பஞ்சு போல எல்லாப் பக்கமும் நீண்டிருப்பது தெரிந்தது. கருவி மிகத் தெளிவாகக் காட்டியது. அந்தத் தெளிவுக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"என்னடி தெரியுது?" என்றாள் சித்தி, தாடையை அசைக்காமல்.

"இருக்கு சித்தி. பெருசாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். ஒளிக்காமச் சொன்னேல்ல."

சித்தியை அங்கேயே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பகலும் இரவும் மணிக்கொரு சொட்டு. குலுக்கி விடவேண்டிய வெள்ளை மருந்து ஒன்று, கண்பாவை விரிய ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். கோடுபோட்ட தாளில் நேரமெழுதிக் கட்டிலில் ஒட்டினேன். இரண்டாம் நாள் சித்திக்குக் குரல் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் அலங்காநல்லூர்க்காரி ஒருத்தி. கரும்புத் தோகை கிழித்த கண். "இவளப் பாரு. கண்ணு பொழச்சாலும் லிஸ்ட்டு போட்டே என்னயக் கொன்னுருவா" என்று சித்தி அவளிடம் முறையிட்டாள். அவள், "எனக்கும் ஒரு லிஸ்ட்டு போடச் சொல்லுக்கா, எம் மகன் செல்லப் பாத்துக்கிட்டே சொட்டு மருந்த மூக்குல விடுறான்" என்றாள். அவளையும் மெட்ராஸ் ஐ என்றுதான் பத்து நாள் வீட்டில் வைத்திருந்தார்களாம்.

சித்தி கருவாடு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டாள். சாப்பிடுங்க என்றார். நம்பவில்லை; கருவாடு கண்ணுக்குச் சூடு என்று சொல்லி, நான் வாங்கிவந்த இட்லியையே தின்றாள். கேன்டீன் சாம்பாரில் காரம் இல்லை என்று எரிச்சல் வேறு.

அவள் தூங்கும்போது கைபேசியில் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். சில்ஹெட்காரரின் குழம்பு யாரையும் எதுவும் செய்யவில்லை. சட்டையும் அப்படித்தான். லக்னோக்காரர் எங்கள் மூவரையும் ஒரே பெயரில் அடைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. "எல்லாம் ஒன்றுதானே" என்று அவர் சொன்னதைத்தான் நானும் சித்தியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். பார்க்காமலே.

ஒன்பதாம் நாள் மருத்துவர் அளந்து பார்த்துவிட்டு, வெள்ளையின் ஓரம் மழுங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். தழும்பு நிற்கும், அதன் பின்னால் எவ்வளவு தெரியும் என்று பார்த்தால்தான் சொல்லமுடியும். வார்டுச் செவிலி வந்து சித்தியின் இடது கண்ணை மூடினாள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செவிலி ஒரு முழம் தள்ளி நின்று இடது கையைத் தூக்கினாள்.

"எத்தனை விரலும்மா?"

 சித்தி வலது கண்ணைச் சுருக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"விரலு தெரியல தாயி" என்றாள் கடைசியில். "எல்லாம் கலங்கிக் கெடக்கு. ஆனா மருதாணி வச்சிருக்க. செவப்பாத் தெரியுது."

செவிலி என்னைப் பார்த்தாள். அவள் நினைத்ததையேதான் நானும் நினைத்தேன். மருதாணிக்கு வாசனை உண்டு. சித்திக்கு மூக்கு கூர்மை. செவிலி சத்தமில்லாமல் இடது கையை இறக்கி, அதே இடத்தில் வலது கையைப் பிடித்தாள்.

"இப்ப?"

சித்தி மறுபடி தலையைச் சாய்த்தாள். முன்னைவிட நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இதுல இல்லயே. இது வெறுங்கையில்ல?"

வலது கையில் ஒன்றும் இல்லை. மருதாணியைத் தாங்களே வைத்துக்கொள்பவர்கள் இடது கையில் மட்டும்தான் வைப்பார்கள். செவிலி தாளை எடுத்து எழுதப் போனாள். நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். உள்ளே சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள், "ஏந்தாயி, எழுதுனியா? சரியாத்தான சொன்னேன்?"